தராசு எண் ஏழு

நாஹீதின் உள்ளங்கைகளில் தோல் இல்லை. அதனால் மெஹ்ரானின் கதவை அவள் முழங்கையால் இடித்தாள்.

பொழுது அப்போதுதான் வெளுத்திருந்தது. கதவைத் திறந்தவன் ஷீர்சாத். இருபது வருடம் காரீஸ் என்னும் நிலத்தடி நீர்ச்சுரங்கம் குடைந்து, வலக்கையில் இரண்டு விரல்களைப் பாறைக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவன். இப்போது மெஹ்ரானுக்கு அளவுகோல் பிடிக்கிறான். வந்தவளின் கையைப் பார்த்ததுமே அது எந்த வேலையில் உரிந்த தோல் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ராட்டினக் கயிறா, தங்கச்சி? எத்தனை நேரம் இழுத்த?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்து. கணக்கய்யா இருக்காரா?"

உள்ளே மெஹ்ரான் ரொட்டியை மோரில் நனைத்துக்கொண்டிருந்தார். ஒரு கால் சற்று இழுக்கும். குரல் மட்டும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கும். நீர்ப்பங்கில் எந்தத் தகராறு வந்தாலும் யஸ்து நகரத்துக் காஜி அவரைத்தான் அளந்துவர அனுப்புவார்.

"உக்காரும்மா. முதல்லேர்ந்து சொல்லு."

அவள் உட்காரவில்லை.

"மலையடிக் காரீஸ்ல புதுக்குழி, ஐயா. அடியில என் வீட்டுக்காரர் பீஜன் குடைவாரு. அவர் அண்ணன் கோதர்ஸ் மண்ணைத் தோல்பையில அள்ளிக் குழிக்குக் கொண்டாருவாரு. மேலே நின்னு நான் இழுப்பேன். நேத்துக் காலைல கணக்கர் யாக்கூப் கூரையைப் பாக்கணும்னு கீழே இறங்கினாரு. கொஞ்ச நேரத்துல நிலம் உள்வாங்கிடுச்சு. குழியடியில நின்ன யாக்கூபைத் தோண்டி எடுத்தோம். உசிரு இல்ல. இவங்க ரெண்டு பேரும் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாங்க."

"சரிஞ்ச மண்ணை அள்ளிட்டுப் போக முடியாதா?" என்றான் ஷீர்சாத்.

"ஒரு பை எடுத்தா ரெண்டு பை விழுது. அத்தனையும் மணல்ணே. அதான், மேலேர்ந்து வேற குழி போட்டு அவங்க பக்கத்துல இறங்கிடலாம்னு மேஸ்திரி ஹோர்மோஸ் சொன்னாரு. சுரங்கம் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு தெரியணுமில்ல? அது யாக்கூபோட மண்பலகையில இருந்துச்சு. காரியஸ்தர் நஸ்ர் ஐயா மூடியைத் திறந்து படிச்சாரு. அம்பத்திரெண்டு முழம். 'அஞ்சும் ரெண்டும் ஏழு, பலகைச் சட்டத்துல தராசு எண்ணும் ஏழு, பொருந்துது, தோண்டுங்க'ன்னாரு. விடிய விடியத் தோண்டினோம். எட்டு முழ ஆழத்துல சுரங்கம் தட்டணும். பத்து முழம் போயாச்சு. கை படாத மண்ணு, ஐயா."

அவள் முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள்.

"ஆளுங்களுக்கு இன்னும் ஒரு குழி போடத்தான் தெம்பு இருக்கு. ஒண்ணே ஒண்ணு. எங்க போடணும்னு சொல்லுங்க."

மெஹ்ரான் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

கழுதையில் போகும்போது ஷீர்சாத் சும்மா இருக்கவில்லை. "சுரங்கம் கோணலா போயிருக்கும், ஐயா. அம்பத்திரெண்டு முழம் சரிதான், திசைதான் தப்பு."

மெஹ்ரான் நாஹீதைக் கேட்டார். "பீஜன் குடையும்போது எத்தனை விளக்கு வைப்பான்?"

"ரெண்டு, ஐயா. முதுகுக்குப் பின்னால வரிசையா. ரெண்டு நிழலும் ஒண்ணு மேல ஒண்ணு விழுதான்னு பாத்துக்கிட்டேதான் குடைவாரு."

"அப்ப திசை தப்பாது."

"எனக்கே மனசு ஒட்டலை, ஐயா. அம்பத்திரெண்டு முழத்து மண்ணை இழுத்த மாதிரி என் கைக்குத் தெரியலை. சொன்னேன். 'நீ என்ன படிச்சவளா'ன்னாரு காரியஸ்தர்."

"பையை எண்ணி வச்சிருக்கியா?"

"எண்ணி என்ன பண்றது? இழுத்தாத்தான் ரொட்டி. எண்ணினா யாரு தரப்போறா?"

காரியஸ்தரின் மாதுளைத் தோட்டத்தைத் தாண்டியபோது மெஹ்ரான் கழுதையை ஒரு நிமிடம் நிறுத்தினார். புதிதாக மூடிய வாய்க்கால் ஒன்று ஈரம் காயாமல் கிடந்தது. ஓரத்தில் சுட்ட மண் வளையம் ஒன்று உடைந்து கிடந்தது. ஆள் குனிந்து நுழையும் அளவு. பிறகு கழுதையைத் தட்டினார்.

குழிக்குப் பக்கத்தில் பதினைந்து பேர் தரையோடு தரையாகக் கிடந்தார்கள். எல்லோரும் வெள்ளை உடை. காரீஸ் குடைகிறவர்கள் வெள்ளைதான் உடுத்துவார்கள். இருட்டில் ஆள் தெரியும் என்பது ஒரு காரணம்; செத்தால் தனியாகக் கோடி எடுக்க வேண்டாம் என்பது இன்னொன்று. இரண்டாவதை யாரும் வீட்டில் சொல்வதில்லை.

மேஸ்திரி ஹோர்மோஸ் எழுந்து உட்கார்ந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"காஜியோட ஆளா? வாரும். தோண்ட ஆள் கேட்டா அளக்க ஆள் வருது."

"தோண்ட ஆளும் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்று ஷீர்சாத்தைக் காட்டினார் மெஹ்ரான். "உனக்குத் தெரியாதா, மேஸ்திரி, இவங்க எவ்வளவு தூரம் குடைஞ்சாங்கன்னு?"

"ஒரு மாசமா நானும் இந்த ஆளுங்களும் தண்ணி வெளியே வர்ற கீழ்வாய்ல வேலை பாக்கறோம். இங்க நடந்தது இந்தக் குடும்பத்துக்கும் யாக்கூபுக்கும்தான் தெரியும். தரையில காது வச்சுக்கூடப் பாத்தோம். மணல்ல ஓசை ஏறாது." பிறகு கூடாரத்துப் பக்கம் திரும்பிக் கத்தினான். "வளையம் வச்சுக் கட்டியிருந்தா கூரை இறங்கியிருக்குமா? அதைக் கேளும்!"

கூடார வாசலில் நின்றிருந்தவர் நஸ்ர், நிலக்காரரின் காரியஸ்தர். அந்த இடத்திலேயே அவருடைய சட்டை ஒன்றுதான் வெள்ளையாக இல்லை, சுத்தமாக இருந்தது.

"சூளையிலேர்ந்து வளையம் வரவே இல்லையே, மேஸ்திரி. வராததை நான் எங்கேர்ந்து கொடுக்க?"

நாஹீத் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

மெஹ்ரான் கூடாரத்துக்குள் போனார். மண்பலகை ஒரு பெட்டியின் மேல் இருந்தது. பலகையில் மெல்லிய தூசியைப் பரப்பி, இரும்புக் குச்சியால் இந்திய எண்களை எழுதி, கூட்டி, பழையதை அழித்துப் புதியதை வைப்பார்கள். காகிதம் வீணாகாது. ஆனால் வந்த வழி எதுவும் மிஞ்சாது. கடைசித் தொகை மட்டும் நிற்கும். தூசி கலைந்தால் தெரியவேண்டும் என்று, அந்தத் தொகையை ஒன்பது ஒன்பதாகக் கழித்தால் மிஞ்சும் எண்ணைச் சட்டத்தின் மேல் மையால் எழுதி வைப்பது யாக்கூபின் வழக்கம். தராசின் மறுதட்டு மாதிரி. சட்டத்தில் ஏழு. பழுப்பேறிக் காய்ந்த மை. தூசியில் ஐம்பத்திரண்டு.

"நீங்கதான் படிச்சீங்களாமே?"

"நான் எழுத்தை எண்ணா வச்சுக் கணக்குப் பாக்கிறவன், ஐயா. என் அப்பா காலத்துப் பழக்கம். இந்த இந்தியக் கொக்கியும் வளைவும் எனக்கு எங்கே தெரியும்? யாக்கூப் என்ன எழுதினானோ அதுதான் இருக்கு. செத்தவனைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை."

மெஹ்ரான் தூசிக்கு மேலே முகத்தைக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பிறகு கம்பளி போர்த்திக் கிடந்த யாக்கூபிடம் ஷீர்சாத்தை அனுப்பினார்.

"இடுப்புல என்ன இருக்குன்னு பாரு."

"இரும்புக் குச்சி, ஐயா. கச்சையில செருகியே இருக்கு."

"சரி. இருக்கட்டும்."

வெளியே வந்து பழைய குழியைச் சுற்றி நடந்தார். ராட்டினத்துக்குப் பக்கத்தில் காய்ந்த சேற்றில் நீள்வட்டத் தடங்கள், வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசை. கைத்தடியால் ஒன்றை அளந்தார்.

"கடைசி மழை எப்ப?"

"பத்து நாளாச்சு" என்றான் ஹோர்மோஸ். "ஐயா, உள்ளே ரெண்டு பேர் மூச்சு முட்டிக் கிடக்கறாங்க. சேத்துல என்ன தேடுறீர்?"

"நிலம் எதுவரைக்கும் உள்வாங்கியிருக்கு?"

"குழியிலேர்ந்து பதினாலு முழம்."

"ஷீர்சாத், ஒரு பை மண்ணை ரொப்பு. ஒரு முழம் குடைஞ்சா எத்தனை பை வரும்?"

"சுரங்கமோ குழியோ, இருபது பை. கொஞ்சம் முன்னே பின்னே."

குழிவாயைச் சுற்றி வளையமாகக் கொட்டிக் கிடந்தது தோண்டிய மண். சாய்வு, உயரம், அகலம், சுற்றளவு என்று மெஹ்ரான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஷீர்சாத் கோலை வைத்து அளந்தான். மெஹ்ரான் தரையிலேயே விரலால் எழுதினார், அழித்தார், எழுதினார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நாஹீத் மூன்று முறை உட்கார்ந்து எழுந்தாள்.

"அறுநூத்தம்பது பை" என்றார் கடைசியில். "எட்டு முழக் குழிக்கு நூத்தறுபது போயிடும். மிச்சம் நானூத்தித்தொண்ணூறு. சுரங்கம் இருபத்துநாலரை முழம். அம்பத்திரெண்டு முழம் குடைஞ்சிருந்தா இங்க ஆயிரத்து இருநூறு பை இருக்கணும். அதுல பாதி மண்ணுதான் இருக்கு."

ஹோர்மோஸ் குவியலைப் பார்த்தான். ஏதோ இப்போதுதான் அது அங்கே முளைத்தது போல.

"நேத்துலேர்ந்து என் கண்ணு முன்னாடிதானே கிடந்துச்சு" என்றான் மெல்ல. "ஏழுக்கு ஏழு பொருந்துதுன்னாங்க. அதுக்கப்புறம் நான் மண்ணைப் பாக்கவே இல்ல."

"ஆனா காத்துல கொஞ்சம் மண்ணு போயிருக்கும், மிதிபட்டு அமுங்கியிருக்கும். மூணு முழம் இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். இருபத்திரெண்டுலேர்ந்து இருபத்தெட்டுக்குள்ள எங்கேயோ சுரங்கம் முடியுது."

"அது போதாதே! இருபத்திரெண்டுல முடிஞ்சிருந்து நான் இருபத்தாறுல தோண்டினா மறுபடி கன்னி மண்ணுதான். பயந்து இந்தப் பக்கம் வந்தா சரிவு மணல் என் குழிக்குள்ளேயே இறங்கும்."

"அதான் சட்டத்து ஏழு. அது மை, அதை யாரும் மாத்தலை. யாக்கூப் எழுதின தொகையை ஒன்பதால கழிச்சா ஏழு மிஞ்சணும். பதினாறு, இருபத்தஞ்சு, முப்பத்துநாலு. குவியல் சொல்ற இடத்துக்குள்ள அதுல ஒண்ணுதான் விழுது."

"இருபத்தஞ்சு" என்றாள் நாஹீத்.

"இருபத்தஞ்சுல சுவர். ரெண்டு முழம் இந்தப் பக்கம், இருபத்துமூணுல குழிக்கு நடுவை வை."

"அந்தப் பலகை பொய் சொன்ன மாதிரி உம்ம குவியலும் பொய் சொன்னா?"

"குவியலுக்கு எழுதத் தெரியாது, மேஸ்திரி."

ஹோர்மோஸ் எச்சிலைத் துப்பிவிட்டு எழுந்தான். கிடந்தவர்களைக் காலால் உதைத்து எழுப்பினான். முதலில் இறங்கியது ஷீர்சாத். மண் மேலே வரத் தொடங்கியது.

வெயில் ஏறியது. இரண்டு முழம். மூன்று. ஒருவன் களைத்தால் அடுத்தவன் இறங்கினான். முறைக்குக் காத்திருந்தவர்கள் குழியைச் சுற்றி உட்கார்ந்து உலர்ந்த முசுக்கட்டைப் பழத்தை மென்றார்கள். நஸ்ர் தன் குதிரையை அவிழ்த்தார்.

"எனக்கு ஊர்ல வேலை இருக்கு. நல்ல சேதி வந்தா சொல்லி அனுப்புங்க."

"இருங்க, காரியஸ்தரே" என்றார் மெஹ்ரான். "குழி இறங்கறவரைக்கும் பொழுது போகணுமே. யாக்கூப் எழுதின இருபத்தஞ்சு எப்படி அம்பத்திரெண்டா ஆச்சுன்னு பேசுவோம்."

நஸ்ரின் குதிரைக் கயிற்றை ஹோர்மோஸ் வாங்கிக்கொண்டான். மரியாதையாகத்தான் வாங்கினான்.

"தூசி கலைஞ்சிருக்கும்" என்றார் நஸ்ர். "இல்ல, அவனே அவசரத்துல தப்பா எழுதியிருப்பான்."

"கலைஞ்சா எண் எண்ணா இருக்காது. அவன் கைதவறி வேற எண் எழுதியிருந்தா தராசு எண் பொருந்தாது. ஒன்பதுல ஒரு தடவை தற்செயலாப் பொருந்தலாம். சரி, ஒன்பதுல ஒண்ணுன்னே வச்சுக்குவோம். ஆனா யாக்கூப் இரும்புக் குச்சி இல்லாம எழுத மாட்டான். அந்தக் குச்சி அவனோட கீழே போய் அவனோடயே மேலே வந்துச்சு. பலகையில இருக்கிற அஞ்சும் ரெண்டும் விரலால எழுதினது. கோடு ஒவ்வொண்ணும் விரல் அகலம். ஓரத்துல நகம் கீறின தடம். அவன் இறங்கினதுக்கு அப்புறம் யாரோ அழிச்சு எழுதியிருக்காங்க."

யாரும் மெல்லவில்லை.

"எழுதின ஆளுக்கு ஒரு சிக்கல். சட்டத்துல இருக்கிற மையை அழிச்சா கறை தெரியும். அதனால ஏழு மிஞ்சற வேற எண் வேணும். ரெண்டு இலக்கத்தையும் இடம் மாத்திப் போட்டா ஆச்சு. கூட்டினா அதே ஏழு. இந்தத் தராசு எண், இந்தியாவிலேர்ந்து அந்த ஒன்பது உருவத்தோடயும் சுழியத்தோடயும் வந்த வித்தை. பாக்தாத்ல எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அதுல இருக்கிற ஓட்டையையும் அன்னிக்கே காட்டிட்டாரு. இடம் மாறினா ஒன்பதுக்குத் தெரியாது, பதினொண்ணால கழிச்சாத்தான் தெரியும்னு. ஆக, இதைச் செஞ்சது கணக்குத் தெரிஞ்ச ஆள். மேஸ்திரி, உனக்கு எண் எழுத வருமா?"

"என் பேரே எழுத வராது."

"நாஹீத், நிலம் இறங்கினப்ப மேலே யாரு இருந்தா?"

"நானும் காரியஸ்தரும்தான். யாக்கூப் இறங்கறதுக்கு முன்னால அவரோட கூரையைப் பத்திச் சத்தம் போட்டுக்கிட்டு நின்னாரு. நிலம் இறங்கினதும் 'நீ ஓடிப்போய் மேஸ்திரியைக் கூட்டிட்டு வா, நான் பாத்துக்கறேன்'னாரு. ஓடினேன்." அவள் நஸ்ரை நேராகப் பார்த்தாள். "இருந்து பாத்துக்கிட்டீங்களா, ஐயா?"

"எனக்கு அந்த எண்ணே தெரியாதுங்கறேன்!"

"காலைல எங்கிட்டயும் அதைத்தான் சொன்னீங்க. நேத்து இவங்களுக்கு 'அஞ்சும் ரெண்டும் ஏழு'ன்னு கூட்டிக் காட்டினது யாரு?"

பதினைந்து தலைகள் திரும்பின. நேற்று அதைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் அங்கேயே இருந்தார்கள்.

"எதுக்கு?" என்றான் ஹோர்மோஸ். "உள்ளே கிடக்கற ரெண்டு கூலிக்காரங்க இவருக்கு என்ன பண்ணினாங்க?"

"பாத்துட்டாங்க. வேற ஒண்ணும் பண்ணலை. வளையம் வரவே இல்லைன்னாரு. ராட்டினத்தடியில இருபது தடம் சேத்துல பதிஞ்சு காஞ்சிருக்கு. மழைக்கப்புறம் இருபது வளையம் இங்க நின்னுருக்கு. இப்ப அதெல்லாம் இவரோட மாதுளைத் தோட்டத்து வாய்க்கால்ல மண்ணுக்கடியில இருக்கு. ஒண்ணு உடைஞ்சு வெளியே கிடக்கு."

"வந்துச்சு, ஐயா" என்றாள் நாஹீத். குரல் தரையோடு போயிற்று. "அன்னிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், நான் வரலை. 'வளையம் வந்துடுச்சு, இனிமே பயமில்ல'ன்னு என் வீட்டுக்காரர் வந்து சொன்னாரு. மறுநாள் நான் வந்து பாத்தா ஒண்ணுமில்ல. திரும்பக் கொண்டாந்து தரேன்னு காரியஸ்தர் சொன்னாராம். இவரும் நம்பினாரு. நான் சொன்னா யாரு கேப்பான்னு வாயை மூடிக்கிட்டேன்."

"யாக்கூப் கேட்டுச் சண்டை போட்டான். அவன் செத்தான். மிச்சம் இருந்த ரெண்டு சாட்சியும் உள்ளே" என்றார் மெஹ்ரான். "யாரையும் இவர் கையால கொல்லலை. ரெண்டு இலக்கத்தை மாத்திப் போட்டாரு, அவ்வளவுதான். மிச்ச வேலையைக் காத்து பாத்துக்கும்னு விட்டுட்டாரு."

ஹோர்மோஸ் நஸ்ரின் கழுத்துப்பட்டையைப் பிடித்து அந்த ஐம்பத்திரண்டாம் முழத்துக் குழிப்பக்கம் இழுத்தான். பத்து முழ ஆழம், யாருக்கும் உதவாத குழி. நான்கைந்து பேர் கூடவே எழுந்தார்கள்.

"விடு" என்றார் மெஹ்ரான், அதே மட்டக் குரலில். "இவரைக் காஜி பாத்துக்கட்டும். இப்ப நமக்கு ஒரு கை குறையுது. அந்தப் பொண்ணு கையைப் பாரு."

நஸ்ரை ராட்டினத்தில் நிறுத்தினார்கள். எதிர்ப்பிடியில் ஹோர்மோஸ் நின்றான். முப்பதாவது பையில் காரியஸ்தரின் உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பியது. ஐம்பதாவதில் உடைந்தது. யாரும் அவரை மாற்றிவிடவில்லை.

ஆறு முழம். ஏழு. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியபோது கீழேயிருந்த ஷீர்சாத்தின் கடப்பாரை சொத்தென்று உள்ளே போனது.

"ஓட்டை!"

நாஹீத் குழிவாயில் மண்டியிட்டாள். கீழேயிருந்து புளித்த காற்று அவள் முகத்தில் அடித்தது. ஷீர்சாத் ஓட்டையை அகலமாக்கி விளக்கை உள்ளே நீட்டினான். அது சுருங்கி அணைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனே தலையை நுழைத்தான்.

"ஆள் இருக்கு! கயிறு!"

ராட்டினம் சுற்றியது. முதலில் வந்தது கோதர்ஸ். வெள்ளை உடையில் மண் ஒட்டியிருந்தது. உடம்பு விறைத்திருந்தது. அவனைக் கிடத்தி முகத்தைத் துடைத்தார்கள், கோடி தேவைப்படவில்லை. நாஹீத் அவனைப் பார்த்தாள், மறுபடி குழியைப் பார்த்தாள். கயிறு இரண்டாம் முறை இறங்கியது. அவள் அதைத் தொடவில்லை. தொட்டால் கயிறு ஆடும் என்று பயந்தாள்.

இரண்டாவது வந்தவனின் தலை தொங்கிக் கிடந்தது. வெளிக்காற்று பட்டதும் நெஞ்சு ஒருமுறை இழுத்தது. பிறகு இன்னொருமுறை. நாஹீத் அவன் தலையை மடியில் போட்டு, பச்சை ரணமான கையாலேயே வாயிலிருந்த மண்ணைத் தோண்டி எடுத்தாள்.

மெஹ்ரான் பக்கத்தில் குனிந்தார். "பீஜன். எத்தனை முழம் குடைஞ்சீங்க?"

உதடு அசைந்தது. "இருபத்தஞ்சு..." ஒரு நீண்ட இருமல். "யாக்கூப் எழுதி வச்சாரே. யாரும் பாக்கலையா?"

பீஜனின் கண் மெல்லச் சுற்றி வந்து, ராட்டினப் பிடியைப் பிடித்தபடி நின்றவரிடம் நின்றது. தன்னை மேலே இழுத்தவர் யார் என்று கண்டுகொண்டு, கும்பிட நினைத்துக் கையைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை.

"ஐயா" என்றான். "வளையம் திரும்பி வந்துடுச்சாங்கய்யா?"